வீட்டுச் சரிவும் வீதியின் உரிமையும்

வீடு கட்டுவோர் தலைவாயில் எத்திசை நோக்க வேண்டும் என்பதைப் பலரிடம் கேட்டறிவர். நிலைக்கதவு வைக்க நல்ல நாள் பார்ப்பர். சமையலறைக்கு எந்தக் கல் பதிப்பது என்று வீட்டார் அனைவரும் கூடி வாதிப்பர். வாயிலுக்கும் வீதிக்கும் இடையே மோட்டார் வண்டி ஏறி இறங்கும் அந்த நான்கடி நிலத்தைப் பற்றி மட்டும் எவரும் ஒரு கணமேனும் சிந்திப்பதில்லை. கடைசி நாளில், மிஞ்சிய ஜல்லியையும் சிமெண்டையும் கொட்டி, கொத்தனார் தம் மனம்போனபடி அதைச் சரிவாக்கிவிட்டுப் போவார். ஆயினும் அக்கட்டடத்தில் அயலாரைத் தொடும் பகுதி அஃதொன்றே. சமையலறைக் கல் வழுக்கினால் வீட்டார் வழுக்கி விழுவர்; வாயிற் சரிவு பிழைபட்டால் தெருவார் விழுவர்.

இதனை யாம் நூலறிவால் உணர்ந்தோமல்லோம். சென்ற விடுமுறையில் அயனம்பாக்கத்திலுள்ள எம் தாய்மாமனார் இல்லத்தில் பத்து நாள் தங்கியிருந்தோம். அயனம்பாக்கம் சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் திருவேற்காட்டுக்கும் இடைப்பட்ட ஊர். ஊருக்கு ஓர் ஏரி உண்டு. தெற்கே கூவம் ஓடுகின்றது. பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊர்ப்பெயர் என்று வகுப்பில் கற்ற எமக்கு, கடலின் வாடையே வீசாத இவ்வூர் அப்பெயர் பூண்டிருப்பது வியப்பாகவே இருந்தது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அத்தெருக்களைக் கண்டவர் எவரும் அப்பெயரைக் குறைகூறார்.

மாமா அவ்வில்லத்தைக் கட்டியபோது வாயிற்படி வீதியினின்று மூன்று படி உயர்ந்திருந்ததாம். பின்னர்த் தெருவுக்குத் தார் போட்டனர். சில ஆண்டு கழித்து அதன்மேல் மீண்டும் போட்டனர். அதன்மேல் மீண்டும் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் மூன்று அல்லது நான்கு சென்டிமீட்டர் ஏறினாலும், ஐந்து முறைக்குப் பின் ஒரு படி மண்ணுக்குள் மறைந்துவிடுகின்றது. இப்பொழுது அங்கே எஞ்சியிருப்பது ஒரு படியே. ஆகவே வண்டி நிற்கும் முன்தளத்தை, வீதியினின்று 45 சென்டிமீட்டர் உயரும்படி மண்ணிட்டு நிரப்பிவிடுவது என்று மாமா துணிந்தார். மேஸ்திரி வந்து பார்த்தார். “சார், வெளியே நாலடி இழுத்துவிட்டால் போதும்; வண்டி சல்லென்று ஏறிவிடும். இந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறது” என்றார்.

எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் என்பது முற்றிலும் உண்மை. துன்பமும் அதிலிருந்தே பிறக்கின்றது.

மாமா எம்மை அழைத்து, “தமிழ் ஆனர்ஸ் படிக்கிற பிள்ளைக்கு இங்கிலீஷில் எழுதிய விதி விளங்குமா பார்ப்போம், இதைப் படித்து எனக்குச் சொல்” என்று ஒரு கட்டு அச்சுத்தாளை மடியில் வைத்தார். அது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. அவ்வாண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் அரசாங்கம் வெளியிட்டது. அதற்கு முன்னர், பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லைக்கு ஒரு விதியும், நகராட்சிகளுக்கு வேறு விதியுமாக இருந்தன. இப்பொழுது மாநகராட்சியாயினும் நகராட்சியாயினும் ஊராட்சியாயினும் ஒரே நூல்தான். 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டபின் இப்பகுதிகளில் எந்தத் தெரு எந்த எல்லைக்குள் என்று கேட்டுக் கேட்டே அலுத்துப்போன மக்களுக்கு இது சிறு ஆறுதல். அந்நூலைப் படிப்பது இலக்கணச் சூத்திரங்களைப் படிப்பதினும் கடினமன்று என்பதை ஈண்டு மாணவ நண்பர்களுக்குத் தைரியமாகக் கூறுவோம். சூத்திரத்துக்கு உரையாசிரியர் உண்டு, இதற்கில்லை என்பதொன்றே குறை.

நிற்க. விதி கூறும் அளவுகள் சிலவற்றைக் காண்போம். ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் உள்ள கட்டம் வேண்டும். இருசக்கர வண்டிக்கு 1 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் நீளம். ஆகவே ஒரு கார் நிற்கும் கட்டத்தில் ஐந்து மோட்டார் சைக்கிள்களைத் தாராளமாக நிறுத்தலாம். விடுதி மாணவர் ஆறாவதையும் நுழைத்துவிடுவர். இந்தியச் சாலைக் குழுமம் 1973-இல் வகுத்த அளவில், தனித்து நிற்கும் வண்டிக்கு 3 மீட்டருக்கு 6 மீட்டரும், பல வண்டிகள் கூடி நிற்கும் பொது இடத்தில் வண்டியொன்றுக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டரும் குறிக்கப்பட்டன. வண்டி வெறுமனே நிற்பதற்கு அவ்வளவு இடம் தேவையில்லை. 2006 முதல் 4 மீட்டருக்குட்பட்ட சிறு கார்களுக்கு வரிச்சலுகை கிடைத்தமையால் நம் தெருக்களில் ஓடும் கார்களிற் பெரும்பாலன அந்நீளத்துக்குள் அடங்கியவையே. எஞ்சிய இடம் கதவைத் திறக்கவும், பிள்ளைகள் இறங்கவும், பக்கத்து வண்டியை உரசாமல் விலகவும் உரியது. விதியாசிரியர் காருக்கு அளவெடுக்கவில்லை. காரிலிருந்து இறங்கும் மனிதருக்கே அளவெடுத்தனர் என்று கொள்ளுதல் பொருந்தும். நடக்க இயலாதார் வரும் வண்டிக்கு அகலம் 3.6 மீட்டர் என்றும், அவ்விடம் கட்டடவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் இருத்தல் வேண்டுமென்றும் கூறுவதற்குக் காரணமும் இதுவே. சக்கர நாற்காலியை இறக்கித் திருப்ப வெறும் 2.5 மீட்டர் போதாது.

இவ்வளவும் எளியவை. அடுத்து வருவது சரிவு. வண்டி ஏறும் சாய்தளம் 8-க்கு 1 என்பதினும் செங்குத்தாக இருத்தலாகாது. அதாவது ஓரடி உயர எட்டடி நீளம் வேண்டும். மக்கள் சக்கர நாற்காலியில் ஏறும் சாய்தளமாயின் 12-க்கு 1. இவ்விரண்டு எண்களையும் வைத்து யாம் ஒரு தாளில் கணக்கிட்டோம். மாமா நினைத்த 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு எட்டு மடங்கு 3.6 மீட்டர், ஏறத்தாழப் பன்னிரண்டடி. மேஸ்திரி கூறிய நாலடி, அதாவது 1.2 மீட்டரில் அவ்வுயரத்தை ஏறினால் சரிவு 8-க்கு 3 ஆகிவிடும். விதி இடம்கொடுக்கும் செங்குத்தினும் மும்மடங்கு. அதில் ஏறும் வண்டி மேல்விளிம்பில் வயிறு தட்டி நிற்கும். அல்லது கீழ்மூலையில் முன்முகப்பு இடித்து உடையும். பத்துக்கு ஒன்றினும் செங்குத்தான சரிவுகளில் மேலும் கீழும் சிறிது தூரம் பாதிச் சரிவாக மழுக்கிவிட வேண்டும் என்று பொறியாளர் கூறுவது இது குறித்தே.

அந்தப் பன்னிரண்டடியை எங்கே வைப்பது? குறுகிய தெருவை நோக்கிய சிறு மனைக்கு முன்புறம் விட வேண்டிய இடம் 1.5 மீட்டர். மாமாவின் மனை முப்பதடிக்கு நாற்பதடி, அரைக் கிரவுண்டு. அந்த 1.5 மீட்டருக்குள் 8-க்கு 1 சரிவில் ஏறக்கூடிய உயரம் 19 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவே. எஞ்சிய 26 சென்டிமீட்டரை ஏற இன்னும் ஏழடி வேண்டும். அந்த ஏழடி வீட்டுக்குள் போக வேண்டும். இல்லையேல் வீதிக்குள் போக வேண்டும். வீட்டுக்குள் போனால் வண்டி நிற்கும் தளம் சரிவாகிவிடும் என்று அஞ்சி, வீதிக்குள் தள்ளிவிடுகின்றோம். தெருவில் நீண்டுகிடக்கும் ஒவ்வொரு சரிவின் வரலாறும் இதுதான்.

மாமாவின் தெரு இருபதடி அகலம். இருபுறமும் நாலடி நாலடி சரிவு நீண்டால் நடுவே எஞ்சுவது பன்னிரண்டடி. அதில் ஒரு கார் நின்றால் ஆம்புலன்ஸ் நுழையாது. எதிர்வீட்டுப் பாட்டியார் கைத்தடி ஊன்றி மாலையில் தெருமுனைக் கடைக்குப் போவார். சுவரோரமாக நடந்து வந்து, ஒவ்வொரு சரிவு குறுக்கிடும்போதும் நடுத்தெருவுக்கு இறங்கி, அதைச் சுற்றி, மீண்டும் ஓரத்துக்கு வருவார். அவர் அவ்வாறு இறங்கி ஏறுவதை யாம் திண்ணையிலிருந்து எண்ணினோம். கடைக்குப் போகும் வழியில் மாத்திரம் பதினொரு முறை. அவருக்கு நடைபாதை என்று ஒன்று இருந்ததேயில்லை. இருந்த ஓரமும் எம் போன்றோர் வண்டிக்குப் போயிற்று.

இனி நீரைப் பற்றி. தெருவோரம் மழைநீர் வடிகால் ஓடினால் சரிவு அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்கின்றது. வடிகாலின் மூடியை எடுத்துத் தூர்வார ஒவ்வொரு வீட்டின்முன்னும் கொஞ்சம் இடம் திறந்திருத்தல் வேண்டும். கான்கிரீட்டை ஒரே பாளமாகப் போட்டுவிட்டால், உள்ளே சேறும் நெகிழித்தாளும் கட்டிக்கொண்டு, அடுத்த வீட்டின்முன் நீர் பொங்கி வெளிவரும். அடைப்பு நம் வாயிலில். தேக்கம் அயலார் வாயிலில். வடிகாலைக் கடந்தே ஆகவேண்டுமெனின், இருவர் தூக்கி எடுக்கக்கூடிய தனித்தனிப் பலகைகளை அதன்மேல் இடுவதே முறை. வடிகால் இல்லாத தெருவில் இன்னும் கேடு. அங்கே தார்ச்சாலையின் ஓரமே வடிகால். நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழ்ந்திருக்குமாறு சாலையை அமைப்பதே அதற்காகத்தான். 50-க்கு 1 முதல் 60-க்கு 1 வரை பக்கவாட்டில் சரிவு தருவர். அந்தத் தாழ்ந்த ஓரத்தில் வீட்டுக்கு வீடு ஒரு சரிவு குறுக்கே கிடந்தால், தெருவே சிறுசிறு குளங்களின் வரிசையாகிவிடுகின்றது.

இத்தகைய சரிவுக்குக் கொத்தனார் ‘வாட்டம்’ என்று பெயர் கூறுகின்றார். “இந்தப் பக்கம் வாட்டம் போதாது, தண்ணி நிக்கும்” என்பார். வாட்டம் என்பதற்குச் சோர்வு, மெலிவு என்ற பொருளையே அறிந்திருந்த எமக்கு, நீர் செல்லும் வழிக்கு இச்சொல் வழங்குவது புதுமையாயிருந்தது. தளமொன்று நீரை நோக்கி மெலிவதே வாட்டம் போலும். சொல்லாராய்ச்சியை வகுப்பாசிரியரிடம் விட்டுவிடுகின்றோம். ஆனால் டியூப்பில் நீரை நிரப்பி இருமுனையையும் பிடித்து மட்டம் பார்க்கும் மேஸ்திரியின் கையில் நூறடித் தளத்துக்கும் வாட்டம் பிழைப்பதில்லை என்பதை நேரிற் கண்டோம். அவருக்குத் தெரியாதது கைத்தொழிலன்று. எல்லைக்கோடு எங்கே என்பதே. அதை அவருக்குச் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் கூறும் மறுமொழியையும் கேட்பது நியாயம். “சாலையை உயர்த்தியது நானா? என் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் எவர் வந்து இறைப்பார்?” என்று மாமா கேட்டார். இக்கேள்விக்கு எளிதில் விடை கூற இயலாது. 2015 டிசம்பர் 1-ஆம் நாள் சென்னையிலும் சுற்றூர்களிலும் பெய்த மழையையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த மழையையும் கண்டவர் தம் வீட்டுத் தளத்தை உயர்த்த எண்ணுவது பேராசையன்று, அச்சம். சாலையின்மேல் சாலை போடும் வழக்கமே முதற்குற்றம். 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதியதை இடவேண்டும், வீடுகள் சாலையினும் தாழ்ந்துபோகக் கூடாது என்று அலுவலர்களுக்கு அறிவுறுத்தினார். அது எங்கும் வழுவாது நடைபெறுமாயின், மக்கள் ஐந்தாண்டுக்கொருமுறை வாயிலை உயர்த்த வேண்டியதில்லை. சாலை ஏறுவதால் வீடு ஏறுகின்றது. வீடு ஏறுவதால் சரிவு நீள்கின்றது. சரிவு நீள்வதால் நீர் தேங்குகின்றது. நீர் தேங்குவதால் தார் பெயர்கின்றது. தார் பெயர்வதால் மீண்டும் சாலை போடுகின்றனர். இச்சுழலில் எல்லார்க்கும் கடைசியில் நிற்பவர் உயர்த்தப் பணமில்லாதவர். தெருவில் ஒன்பது வீடு உயர்ந்தால் பத்தாவது வீடு கிணறு.

மாமாவின் எதிர்வீடு அந்தப் பத்தாவது வீடு. பாட்டியார் வீடு.

ஆகவே யாம் மற்றொரு கணக்குப் போட்டோம். வெளிவாயிலுக்கு உள்ளே மாமாவுக்கு இருப்பது முன்னிடம் 1.5 மீட்டரும், வண்டி நிற்கும் தளம் 5 மீட்டரும், ஆக 6.5 மீட்டர். முதல் 1.5 மீட்டரைப் 10-க்கு 1 சரிவாக்கினால் 15 சென்டிமீட்டர் ஏறலாம். அடுத்த 5 மீட்டரை 25-க்கு 1 என்ற மென்சரிவாக்கினால் 20 சென்டிமீட்டர் ஏறலாம். அவ்வளவு மெல்லிய சரிவில், கைத்தடையை இழுத்துவிட்டால், வண்டி உருளாது. ஆகத் தளத்தின் உட்கோடி வீதியினின்று 35 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். அங்கிருந்து வீட்டுக்குள் 15 சென்டிமீட்டரில் ஒரே ஒரு படி. வீட்டின் தளம் வீதியினின்று 50 சென்டிமீட்டர். மாமா விரும்பியதினும் ஐந்து அதிகம். வெளியே ஒரு சாண்கூட நீள வேண்டியதில்லை. இதிற் குறையுமுண்டு. வீதியில் முழங்காலளவு வெள்ளம் வந்தால் வண்டிச் சக்கரங்கள் நனையும். மனிதர் நனையாமலிருக்க வண்டி நனைவது எமக்குப் பெருங்குறையாகத் தோன்றவில்லை, மாமாவுக்குத் தோன்றியது. இவ்விஷயம் முடிவாக இரண்டு நாட்கள் ஆயின.

வீதியை நோக்கிச் சரியும் தளம் தன்மேல் விழும் நீரையெல்லாம் வீதிக்கே அனுப்புமன்றோ? அதற்கும் வழியுண்டு. 2003-இல் தமிழ்நாடு அரசாங்கம் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. மாடிநீரைக் குழாய்வழி இறக்கிக் குழியில் விடுவதைப் பலரும் செய்தனர். முற்றத்து நீரைப் பலரும் மறந்தனர். வெளிவாயிலின் உட்புறத்தில், வாயிலின் அகலம் முழுதும், ஓரடி முதல் இரண்டடி ஆழத்தில் ஒரு கால்வாய் வெட்டி, துளையிட்ட பலகையால் மூடி, அதிற் சேரும் நீரை வடிகட்டி மணல் ஜல்லிக் குழியிலோ உறைகிணற்றிலோ விட்டுவிட்டால் வாயிலைத் தாண்டி ஒரு குடம் நீரும் வீதிக்குச் செல்வது அரிது. நூறு சதுர மீட்டர் தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர் நீர். சென்னையில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்தவர்க்கு இக்கணக்கின் பொருளை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இங்கிலாந்தில் இதே காரணம்பற்றி 2008 அக்டோபர் முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. வீட்டின் முன்தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தை நீர் புகாப் பொருளால் மூடி, அந்நீரை வீதிக்கு விடுவதாயின் முன்னரே அனுமதி பெற வேண்டும். நீர் மண்ணில் இறங்குமாறு அமைத்தால் அனுமதி வேண்டா. மழையைப் பற்றி நம்மினும் மிகுதியாகப் பேசும் அந்நாட்டார் தம் வாயிற்றளத்தையும் மழையோடு சேர்த்து எண்ணத் தொடங்கியது அண்மையில்தான்.

நீர் இறங்கும் தளம் என்றவுடன் நம்மவர் பேவர் பிளாக் என்பர். அதில் ஒரு மயக்கம் உண்டு. பேவர் பிளாக் தானாக நீரைக் குடிப்பதன்று; இந்தியத் தர நிர்ணயப்படி அது இறுகிய கான்கிரீட். நீர் இறங்குவது கற்களுக்கிடையேயுள்ள மணற்சந்து வழியாகவே. கீழே கான்கிரீட் தளமிட்டு, மேலே கல்லடுக்கி, சந்துகளைச் சிமெண்டால் பூசிவிட்டால், அது கல் வடிவில் கிடக்கும் சிமெண்டுத் தரையேயன்றி வேறன்று. முறைப்படி செய்வதாயின், நன்கு இறுக்கிய ஜல்லித் தளத்தின்மேல் 2 முதல் 4 சென்டிமீட்டர் மணற்படுகை, அதன்மேல் கல், சந்தில் மெல்லிய மணல், ஓரங்களில் கற்கள் விலகாதிருக்க உறுதியான கரைக்கல். இக்கரைக்கல்லைப் பலர் செலவென்று விட்டுவிடுவர். ஆறு மாதத்தில் ஓரக்கற்கள் பல்வரிசை தளர்ந்த கிழவரின் வாய்போல் ஆகிவிடும். கல்லின் கனமும் முக்கியம். 2006-இல் வெளியான 15658 எண்ணுள்ள இந்தியத் தரநூல், வண்டிப் போக்குவரத்து இல்லாத இடத்துக்கு 50 மில்லிமீட்டரும், கார் நிற்கும் இடங்கட்கு 60 மில்லிமீட்டரும், நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 மில்லிமீட்டரும் குறித்தது. வீட்டுக்கு 60 போதும். ஆனால் நீர் லாரி மாதம் இருமுறை உள்ளே வரும் குடியிருப்பில் அதே 60-ஐப் பதித்துவிட்டு, தளம் குழிந்துவிட்டதென்று கல் விற்றவரைத் திட்டுவதிற் பயனில்லை.

சிமெண்டுக் கான்கிரீட்டையே விரும்புவோர்க்கு இரண்டு சொல். 10 சென்டிமீட்டர் கனமுள்ள தளத்தில் இரண்டரை முதல் மூன்று மீட்டருக்கு ஒருமுறை வெட்டுக்கோடு விட வேண்டும்; விடாவிட்டால் தளம் தானே தனக்கு வேண்டிய இடத்தில் வெடித்துக்கொள்ளும். இட்டபின் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டாயின் 10 நாள், ஈரம் காயாது காக்க வேண்டும். சாக்கு நனைத்துப் போடுவதற்குப் பொறுமையில்லாது மூன்றாம் நாளே வண்டி ஏற்றியவர்களை யாம் அறிவோம்.

வீட்டு வாயிலுக்கு இவ்வளவாயின், திருமண மண்டபம், மருத்துவமனை, கடைத்தொகுதி ஆகியவற்றின் வண்டி நிறுத்துமிடங்களை எண்ணிப் பார்க்க. கட்டம் 12.5 சதுர மீட்டராயினும், வண்டி வந்து திரும்பிச் செல்லும் வழியையும் சேர்த்துத் திறந்த வெளியில் காரொன்றுக்கு 23 சதுர மீட்டர் என்றும், தூண்களின்மேல் நிற்கும் கட்டடத்தின் அடித்தளத்தில் 28 என்றும், நிலவறையில் 32 என்றும் இந்திய நகரமைப்பாளர் கணக்கிடுவர். ஏறத்தாழப் பாதி இடமோ அதற்கு மேலோ திரும்புவதற்கே போகின்றது. இயந்திரத்தால் வண்டியை ஏற்றி அடுக்கும் மாடத்தில் மட்டும் அது 16-ஆகக் குறையும். நூறு கார் நிற்கும் திறந்தவெளி எனின் 2,300 சதுர மீட்டர். அதன்மேல் ஒருநாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 2,30,000 லிட்டர் நீர். முன்னர் அவ்விடம் வயலாகவோ மேய்ச்சல் நிலமாகவோ இருந்தபோது அந்நீரிற் பெரும்பகுதி மண்ணிலிறங்கி, எஞ்சியது மெல்ல நடந்து ஏரிக்குச் சென்றது. தார் போட்டபின் அது ஓடுகின்றது. ஏரிக்கும் போவதில்லை, ஏரிக்குப் போகும் வாய்க்காலும் இடையில் இல்லை. அம்பத்தூர், அயனம்பாக்கம், கோலடி என ஏரிகள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் நிலத்தின் வாட்டத்தை அறிந்தே பண்டையோர் கரையிட்டுக் கலிங்கு வைத்தனர். நூறு கார் நிறுத்தும் தளத்தின் வாட்டத்தை எவர் எங்கே திருப்புகின்றார் என்பதைக் கட்டட வரைபடத்தில் ஓர் அம்புக்குறி காட்டினால் போதும்; அந்த அம்புக்குறியைப் பார்த்துக் கையெழுத்திடும் அலுவலர் ஊரின் பாதித் துன்பத்தைத் தீர்த்தவராவர். வண்டிகள் சொட்டும் எண்ணெய் கலந்த முதல்நீரைத் தெளியவைக்கும் ஒரு தொட்டி வழியே கடத்தியபின்னரே குழியில் விடுதல் வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்க.

ஜப்பானில் 1962 முதல் ஒரு சட்டம் உண்டு. கார் வாங்குவோர், தம் இருப்பிடத்தின் அருகே அதனை நிறுத்த இடமிருப்பதைக் காவல் துறையினர்க்குக் காட்டிச் சான்று பெற வேண்டும். அவ்விடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலும் கட்டடத்துக்கு நிறுத்துமிடம் கேட்கின்றோம், காருக்குக் கேட்பதில்லை. அதனால் வரைபடத்தில் நிறுத்துமிடமாகக் காட்டிய தளம் சிலகாலத்திற் கடையாகிவிடுகின்றது. கார் தெருவில் நிற்கின்றது.

சட்டம் இல்லாமலில்லை. 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டமும், 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் வீதியிலும் வடிகாலிலும் நீண்ட கட்டுமானங்களை அகற்ற அதிகாரம் தந்தன. அவற்றுக்கு மாற்றாக, 1998-இல் இயற்றப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்தது, அதிகாரம் தொடர்கின்றது. சிலபோது இயந்திரம் வந்து ஒரு தெருவின் சரிவுகளை உடைத்துச் செல்லும். உடைத்த மறுவாரம் இரவோடிரவாக அவை மீண்டும் முளைக்கும். உள்ளே சரிவுக்கு இடமமைக்காத வீட்டுக்கு வெளியே சரிவின்றி வண்டி ஏறுவதில்லையாதலின் அது வியப்புமன்று. எனவே இடிப்பதினும், வரைபடத்தில் வீதிமட்டத்தையும் தளமட்டத்தையும் இடைப்பட்ட சரிவின் நீளத்தையும் எழுதச்சொல்லிப் பார்ப்பதே பயன்தரும் என்பது எம் கருத்து. எண்கள் தாளில் வந்துவிட்டால் பொய் சொல்வது கடினம். எம் மாமா வழிக்கு வந்ததும் தாளில் எழுதிய பின்னரே.

மூன்றாம் நாட்காலையில் மேஸ்திரி வந்தார். மாமா எம் கணக்குத் தாளை அவரிடம் நீட்டினார். அவர் அதை ஏற இறங்கப் பார்த்து, “சார், இதற்கு உள்தளத்தையும் கொத்தி எடுக்க வேண்டும்; இரண்டு நாள் வேலை கூடும்” என்றார். “கூடட்டும்” என்றார் மாமா. வெளிவாயிலின் தூண்களுக்கிடையே நூல் பிடித்து, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டனர். கோட்டுக்கு வெளியே பழைய சரிவொன்று, மாமாவே பல ஆண்டுகளுக்கு முன் போட்டது, ஒன்றரையடி நீண்டிருந்தது. அதையும் உடைக்கத் தொடங்கினர். சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பாட்டியார் வெளியே வந்து, கைத்தடியை ஊன்றி நின்று, “என்ன ராசு, வாசலை இடிக்கிறாயே, காரை விற்றுவிட்டாயா?” என்று கேட்டார்.

“இல்லை அம்மா, இனிமேல் உள்ளேயே ஏறிக்கொள்ளும்” என்றார் மாமா.

யாம் ஊர் திரும்பிய நாளன்று கான்கிரீட்டின்மேல் நனைந்த சாக்கு விரித்திருந்தது. கார் தெருவில் நின்றது. இன்னும் எட்டு நாள் அது அங்கேதான் நிற்க வேண்டும் என்று அத்தை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.